கொதித்த கிடாரத்தில் எஞ்சுவது எது?

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே கொடியேறிவிட்டால் எமது கரையோரம் முழுவதிலும் ஒரு புதுக்களை பிறந்துவிடும். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எடுக்கப்படும் அவ்விழாவுக்கு நிந்தவூரிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் மக்கள் திரள்திரளாக வந்து கூடுவர். கந்தூரிக்காகக் கிடாரங்களை வரிசையாக அடுப்பேற்றி, ஆளுயரத் துடுப்புக்களால் சோற்றையும் இறைச்சியையும் கிளறுகின்ற காட்சி ஒன்றே போதும், நின்று பார்ப்பதற்கு. சற்று வடக்கே நடந்தாற் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயம் வரும். தீமிதிப்புக் காலத்து அன்னதானத்துக்கு அங்கும் அடுப்பு மூட்டுவார்கள். கிடாரமும் அதே கிடாரந்தான், விறகும் அதே விறகுதான். சோறு வாங்க நிற்கும் வரிசையிலே ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் கலந்து நிற்பதை நாம் சிறுவயது முதற் கண்டு வருகின்றோம்.

இத்தகைய ஊட்டுப்பந்தியொன்று துயரத்தில் முடிந்த செய்தியை எமது மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இறக்காமம் பகுதியிலே கந்தூரி உணவை உண்டவர்களுள் நூற்றுக்கணக்கானோர் வாந்தியும் வயிற்றோட்டமுமாக மருத்துவமனைகளை நாடினர். உயிரிழப்புக்களும் நேர்ந்தன. புண்ணியங் கருதி ஆக்கிய சோறு அது; ஆக்கியவர் எவரும் மனமறியத் தீங்கு செய்தவரல்லர். அந்நாட்களிலே எமது வீதியை அடுத்து வாழும் முதியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கலியாண வீடுகளிலும் கந்தூரிகளிலும் கிடாரம் ஏற்றி இறக்கிய கை அவருடையது. 'காக்கா' என்றே நாம் அவரை அழைப்பது வழக்கம்.

"சேர், மணித்தியாலக் கணக்கா கொதிச்ச கிடாரத்துக்குள்ள என்ன உசிரு இரிக்கப்போகுது? நெருப்புக்குத் தப்பின சாமானும் உலகத்துல இரிக்கா?" என்று கேட்டார்.

கேள்வி சிறிது, விடையோ பெரிது. உலகத்தின் பெரிய விஞ்ஞானிகள் பலர் இக்கேள்விக்கு விடை தேடியே தம் ஆயுளைக் கழித்திருக்கின்றனர். காக்காவுக்கு நாம் திண்ணையில் இருந்து சொன்னவற்றையே ஈண்டு வாசகர்களுக்கும் சொல்ல விழைகின்றோம்.

பற்றீரியா எனப்படும் நுண்ணங்கிகளுட் பல, எமது உடலைப் போலவே வெப்பத்துக்கு அஞ்சுவன. 70 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு நிமிடம் நின்றால் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்துபோம். பாலை 63 பாகையில் அரைமணி நேரமோ, 72 பாகையிற் பதினைந்து விநாடியோ வைத்துப் பாச்சராக்கம் செய்வது இக்காரணம் பற்றியே. ஆனால் இவற்றுட் சில இனங்களுக்கு ஒரு தந்திரம் தெரியும். காலம் பொல்லாததென்று கண்டால் உடலின் நீரைச் சுருக்கி, தடித்த உறைகளுக்குள் தம் உயிர்ச்சரக்கை அடைத்துக்கொண்டு, வித்திகளாக மாறி உறங்கிவிடும். எமது வயற்காரர் நெல்லைக் காயவைத்துப் பட்டறையிற் கட்டிவைப்பதை நினைத்துக்கொண்டால் விளங்கும். இவ்வித்திகளை 1876 ஆம் ஆண்டில், வைக்கோற் சாற்றில் வாழும் பற்றீரியாவிற் பேர்டினன்ட் கோன் என்பாரும், அடைப்பான் நோய்க் கிருமியில் றொபேட் கொக் என்பாரும் ஆராய்ந்து விளக்கினர்.

அதே காலத்தில் இலண்டனிலே ஜோன் ரின்டால் என்னும் அறிஞருக்கு நேர்ந்த இடர் சுவையானது. சாறுகளைச் சில நிமிடம் கொதிக்கவைத்து மூடிவைத்தால் அவை கெடுவதில்லை எனப் பல முறை காட்டி வந்தவர் அவர். ஒருநாள் பழைய வைக்கோலைத் தம் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். அன்று தொடங்கியது வினை. மணிக்கணக்கிற் கொதிக்கவைத்த சாறுகளும் கெட்டழுகத் தலைப்பட்டன. வைக்கோலோடு வந்த வித்திகள் கூடமெங்கும் பரவிவிட்டிருந்தன. அவர் தம் சாமான்களுடன் வேறிடம் தேடிக் கியூ தோட்டத்துக்குப் போகவேண்டியதாயிற்று. ஆயினும் தோற்றுவிடவில்லை. சாற்றை ஒரேயடியாக நெடுநேரம் கொதிக்கவைப்பதைவிட, சற்றுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மறுநாள் மீண்டும் கொதிக்கவைத்து, இவ்வாறு பலமுறை செய்தால் அது தூய்மையாகிவிடுவதை 1877 இற் கண்டார். இடைவேளையில் வித்தி முளைத்து மென்மையான உயிராக மாறும். மாறியதும் அடுத்த கொதி அதைக் கொன்றுவிடும்.

இதைப் படித்தபோது எமக்கு எமது பாட்டியாரின் நினைவே வந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில், மீன்குழம்பை அந்திக்கும் சந்திக்கும் 'சூடு காட்டி' வைப்பார். சூடு காட்ட மறந்த மருமகளுக்கு நல்ல வசவு கிடைக்கும். ரின்டாலின் பெயரை அவர் கேட்டதில்லை. இரண்டு சூடுகளுக்கும் இடையில் எத்தனை மணி நேரம் செல்லலாம் என்பதை மட்டும் நன்கு அறிந்திருந்தார்.

இனி, சாவைக் கணக்கிடும் விதத்தைப் பார்ப்போம். மாணவர்கள் சற்றே செவிசாய்த்துக் கேட்டல் வேண்டும். சட்டியிலுள்ள கிருமிகள் எல்லாம் ஒரே கணத்தில் இறப்பதில்லை. ஒரு குறித்த வெப்பநிலையில் ஒரு குறித்த நேரத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு மடியும். ஒரு பங்கு எஞ்சும். அதே அளவு நேரம் மீண்டும் சென்றால், எஞ்சியதில் மீண்டும் பத்தில் ஒன்பது மடியும். உதாரணமாக அந்நேரம் ஒரு நிமிடமெனவும், முதலில் இருந்தவை பத்து இலட்சம் எனவும் கொள்வோம். ஒரு நிமிடத்தில் ஓர் இலட்சமாகும். இரண்டாவது நிமிடத்திற் பதினாயிரம். ஆறாவது நிமிடத்தில் ஒன்று. ஏழாவது நிமிடத்தில் என்ன ஆகும்? சுழியம் என்று விடை சொல்லும் மாணவன் தவறுகின்றான். பத்தில் ஒன்று என்பதே விடை. ஓர் உயிர் பத்தில் ஒன்றாக இருப்பது எங்ஙனம்? பத்துக் கிடாரங்களைச் சமைத்தால் அவற்றுள் ஒன்றில் ஓர் உயிர் எஞ்சியிருக்கலாம் என்பதே அதன் பொருள். எவ்வளவு நேரம் சென்றாலும் கணக்கு சுழியத்தைத் தொடாது. ஆதலால் உணவைக் காப்போர் 'முற்றாகக் கொன்றோம்' என்று சொல்லார். 'இத்தனை இலட்சத்தில் ஒன்று தப்பலாம்' என்றே சொல்வர். மடக்கைத் தாளிலே குறித்தால் இக்கணக்கு நேர்கோடாக விழும்.

கிருமிகள் இவ்வாறு படிமுறையாக இறக்கின்றன என்பதை 1908 ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் ஆய்ந்து காட்டியவர் இலண்டன் லிஸ்டர் நிறுவகத்தைச் சேர்ந்த ஹரியற் சிக் என்னும் பெண்மணி. (நூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 1977 இல் மறைந்தவர் இவ்வம்மையார்.) பின்னர் 1920 அளவில் அமெரிக்காவில் பிகலோ என்பார் இம்முறையை டின்னிலடைத்த உணவுக்குப் பொருத்தினார். பத்தில் ஒன்பது பங்கு மடியும் நேரத்தை இன்று 'டி பெறுமானம்' என்கின்றனர். வெப்பத்தை எத்தனை பாகை கூட்டினால் அந்நேரம் பத்திலொன்றாகக் குறையுமோ, அது 'இசட் பெறுமானம்'. இவ்விரண்டும் தெரிந்துவிட்டால், ஓர் உணவை எவ்வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைக்கவேண்டும் என்பதைச் சமைக்குமுன்பே கணித்துவிடலாம்.

இக்கணிதம் பிறப்பதற்கும் ஒரு சாவுவீடே காரணமாயிற்று. 1919 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கன்ரன் நகரிலே விருந்தொன்றிற் பரிமாறிய ஒலிவ் பழங்களை உண்டவர்களுட் பலர் மாண்டனர். கலிபோர்னியாவிற் போத்தலிலடைக்கப்பட்ட பழங்கள் அவை. பொட்டுலினம் என்னும் பற்றீரியாவின் வித்திகள் சூட்டுக்குத் தப்பி, காற்றுப் புகாத போத்தலுக்குள் முளைத்து, கொடிய நஞ்சைக் கக்கியிருந்தன. வேறு நகரங்களிலும் அவ்வாறே சாவுகள் நிகழவே, டின் உணவென்றாலே மக்கள் அஞ்சி ஒதுங்கினர். எஸ்ற்றி, மேயர் என்னும் இருவர் இவ்வித்திகளை ஆயத் தலைப்பட்டு 1922 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆறாயிரம் கோடி வித்திகளைக் கொல்வதற்கு 100 பாகையில் 330 நிமிடம் வேண்டும். 110 பாகையில் 32 நிமிடம். 120 பாகையிலோ வெறும் 4 நிமிடம். பத்துப் பாகை ஏறினால் நேரம் ஏறத்தாழப் பத்திலொன்றாகச் சுருங்குவதை வாசகர் கவனிப்பாராக. இன்று கடைகளில் நாம் வாங்கும் மீன் டின்களின் பின்னாலும் இக்கணக்கே நிற்கின்றது. டின்னொன்றுக்கு ஒரு வித்தி இருந்தது எனக் கொண்டால், இலட்சம் கோடி டின்களில் ஒன்றில் மட்டுமே அது தப்பலாம் என்னும் அளவுக்கு வேகவைக்கவேண்டுமென்பது விதி. (பொருமி வீங்கிய டின்னை மலிவென்று வாங்குவோர் எமது ஊரில் இன்னும் இருக்கின்றனர். கைகூப்பிக் கேட்டுக்கொள்கின்றோம், வேண்டாம்!)

கடல் மட்டத்திலுள்ள கல்முனையில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆறு பாகை பெரிதா என்று கேட்கலாம். மேற்சொன்ன கணக்கைப் போட்டால், கல்முனைக் கிடாரத்தில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் வேலைக்கு நுவரெலியாவில் நான்கு மணி நேரம் வேண்டும். அமுக்க அடுகலம் எனப்படும் 'பிரஷர் குக்கர்' நேர்மாறாக வேலை செய்கின்றது. ஆவியை அடைத்து அமுக்கத்தைக் கூட்டுவதால் நீரின் கொதிநிலை 120 பாகை வரை உயர்கின்றது. வித்திகளை அடக்கக்கூடிய கலம் வீட்டுச் சமையலறையில் அது ஒன்றுதான். கந்தூரிக் கிடாரத்துக்கு அப்படி மூடி போட எவராலும் இயலாது.

ஆகவே காக்காவின் கேள்விக்கு முதல் விடை இது: கொதித்த கிடாரத்தில் வித்திகள் எஞ்சும். எஞ்சியவை உறக்கத்தில் இருக்கும்வரை தீங்கில்லை. நாள்தோறும் எத்தனையோ வித்திகளை நாம் உண்டு செரித்துவிடுகின்றோம். தீங்கு தொடங்குவது அடுப்பை அணைத்த பின்னர்.

இதனை விளக்கிக் காட்டியவருள் முதன்மையானவர் ஆங்கில நுண்ணுயிரியலாளர் பெற்றி ஹொப்ஸ் அம்மையார். பெரிய சமையற்கூடங்களில் இறைச்சியை வேகவைத்து மெல்ல ஆறவிட்டு மறுநாள் பரிமாறும்போது நேரும் நோய்க்கு, இன்று பேர்பிரிஞ்சன்ஸ் என வழங்கும் பற்றீரியா காரணமென்று 1953 இல் அவரும் அவர் குழுவினரும் நிறுவினர். இதன் வித்தி கொதிநீருக்குச் சாகாததோடு, சூடு பட்டதால் உறக்கங் கலைந்து எழுந்துவிடுகின்றது. கொதித்த குழம்பிலிருந்து காற்று வெளியேறிவிடுவதும் அதற்கு உதவியே. காற்றை வெறுக்கும் உயிர் அது. ஏனைய கிருமிகள் செத்தொழிந்துபோக, இறைச்சிச் சாறு நிறைந்த கிடாரம் முழுவதும் அதற்கே உரிமையாகின்றது. 50 பாகைக்குக் கீழே சூடு இறங்கியதும் பெருகத் தொடங்கும். 43 முதல் 47 பாகை வரை அதற்கு மிக உவப்பான காலம். அப்போது ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 64 ஆகும். இரண்டு மணி நேரத்தில் 4,096. மூன்று மணி நேரத்தில் 2,62,144. மணமும் சுவையும் பெரும்பாலும் மாறுவதில்லை. உண்டு ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் கழிச்சலும் காணும். திடகாத்திரமானவர் ஒருநாளில் எழுந்துவிடுவர். முதியோருக்கும் நோயாளருக்கும் அது உயிராபத்தாதலும் உண்டு.

கிடாரம் பெரிதாக ஆக ஆபத்தும் பெரிதாவதற்குக் கேத்திரகணிதம் காரணம். கிடாரத்தின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். சூடு வெளியேறும் மேற்பரப்போ நான்கு மடங்கே ஆகும். தடித்த குழம்பாயின் நடுவிலுள்ள சூடு வெளிவருவதற்கு இன்னும் நெடுநேரம் எடுக்கும். முன்னிரவில் இறக்கி மூடிவைத்த கிடாரம் விடியலிலும் கைக்கு இதமாக வெதுவெதுப்பதைக் கண்டு, 'இன்னும் சூடு ஆறவில்லை, சோறு நன்றாயிருக்கும்' என்று மகிழ்பவர் பலர். அந்த வெதுவெதுப்புத்தான் கிருமியின் தொட்டில்.

சோற்றுக்கு வேறொரு பகைவன் உண்டு. சீரியஸ் என்னும் பசிலசு இனம் அது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சீன உணவகங்களிலே, இரவு முழுவதும் வெளியில் வைத்த சோற்றைப் பொரித்துப் பரிமாறியதால் வாந்திநோய் மீண்டும் மீண்டும் தோன்றியது. இதன் வித்தியும் கொதிக்குத் தப்பும். ஆறிய சோற்றில் இது உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. சமைத்தவரின் கையிலும் மூக்கிலும் வாழும் ஸ்ரபிலோகொக்கசு என்னும் கிருமியின் நஞ்சும் கொதியைத் தாங்கும். வெயிலிற் கிடந்த சூரை மீனில் ஊறும் ஹிஸ்ரமினும் அத்தகையதே. கறியாக்கினாலும் டின்னிலடைத்தாலும் போகாது. எனவே 'மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டேன்' என்பது பேர்பிரிஞ்சன்சுக்கு மருந்தாகலாம். முன்பே ஊறிவிட்ட இந்நஞ்சுகளுக்கு ஆகாது.

நேர்கோட்டுக் கணக்கு எப்போதும் பொருந்துமா என்றும் ஆய்வாளர் வினவியுள்ளனர். சில கிருமிகள் முதலிற் சிறிது நேரம் அசையாமல் நின்று பின்னரே விழுகின்றன. சில, இறுதியில் வால்போல் நீண்டு சாக மறுக்கின்றன. 1998 இற் பெலெக், கோல் என்போர் இவ்வளைகோடுகளுக்கு வேறு சமன்பாடு தந்தனர். கொழுப்பும் சர்க்கரையும் கிருமிக்குக் கவசமாவதும் உண்டு. பெருநாட் பலகாரமான வட்டிலப்பத்தை எண்ணிப் பாருங்கள்: முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி. முட்டையிலிருந்து வரக்கூடிய சல்மொனெல்லா, வெறும் நீரிற் சாவதைவிடக் கருப்பட்டிப் பாகிற் சற்றுத் தாமதித்தே சாகும். ஆவியில் வைத்தது நடுவரை இறுகியபின் இறக்கும் பெண்மணிகளுக்கு அச்சமில்லை. விளிம்பு இறுகியதும் அவசரப்பட்டு இறக்குவோரைத்தான் எச்சரிக்கின்றோம். எமது பகுதியின் சட்டித் தயிருக்கோ வேறு காவல் உண்டு. காய்ச்சிய எருமைப்பாலில் வித்திகள் எஞ்சினாலும், உறை ஊற்றியபின் எழும் புளிப்பு அவற்றைத் தலையெடுக்க விடாது.

இப்போது கணினிகள் இவ்வேலையை ஏற்றுள்ளன. பிரித்தானிய, அமெரிக்க ஆய்வாளர் திரட்டிய ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்து 2003 அளவில் எழுந்த 'கொம்பேஸ்' என்னும் தரவுக்களஞ்சியத்தை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இறைச்சி ஆறும் வேகத்தைக் கொடுத்தால் பேர்பிரிஞ்சன்ஸ் எவ்வளவு பெருகும் என்பதைக் கணித்துச் சொல்லும். எமது உயர்தர வகுப்பு மாணவர் இதை ஒருமுறையேனும் முயன்று பார்க்கலாம். மடக்கை எதற்கென்று கேட்கும் வழக்கம் அதன்பின் நின்றுவிடும்.

காக்காவுக்குக் கணினி வேண்டியிருக்கவில்லை. "அப்ப, ஆக்குறதுல பிழையில்ல, ஆறவைக்கிறதுலதான் பிழை" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். நாம் அவரிடம் சொன்னவை சிலவே. உலக சுகாதார நிறுவனம் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடலாகாது என்கிறது. பரிமாறும்வரை 60 பாகைக்கு மேல் வைத்திருக்கச் சொல்கிறது. அமெரிக்க விதியோ, ஆறவைப்பதானால் 57 பாகையிலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்திலும், பின்னர் 5 பாகைக்கு நான்கு மணி நேரத்திலும் இறக்கவேண்டும் என்கிறது. எமது ஊரின் இரவுக்காற்றே 21 பாகைக்கு இறங்காதபோது, பெருங்கிடாரத்தை அவ்வாறு ஆறவைப்பது நடவாத காரியம். ஆகவே ஆறவிடாமலிருப்பதே வழி. அன்றி ஆறவைத்தே தீரவேண்டுமாயின், தட்டையான தட்டங்களில் மெல்லிதாகப் பரப்பி, மீன்வாடிகளுக்கு வரும் ஐஸ் கட்டிகளைத் தட்டங்களின் அடியில் வைக்கலாம். ஐஸ் உணவிற் படலாகாது.

அவருக்குப் பெரிய தடை நேரந்தான். இஷாத் தொழுகைக்குப் பின் அடுப்பு மூட்டி, நள்ளிரவில் இறக்கி, மூடிவைத்து, காலையிற் பகிர்வதே வழிவழி வந்த முறை. விடியலில் மூட்டினால் ஆள் கிடைக்காது, விறகு ஈரம், வரிசையில் நிற்பவர் சத்தமிடுவர் என்று நியாயங்கள் பல சொன்னார். அவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஒரே கிடாரத்தைப் பத்து மணி நேரம் தணலில் வைத்தால் அடிப்பிடிக்கும் என்பதும் உண்மைதான். நாம் கடையில் வாங்கிய நீண்ட ஊசியுடைய வெப்பமானி ஒன்றை அவர் கையிற் கொடுத்தோம். விலை ஒரு கோழியின் விலைக்கு மேல் இல்லை. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சாரனின் இடுப்புப்பட்டியிற் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த கந்தூரியின்போது சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் அவ்வழியே நடந்துசென்றோம். இம்முறை இரவில் இறைச்சியை வெட்டி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்களாம். அடுப்புக்கள் அப்போதுதான் கனன்றுகொண்டிருந்தன. இரவிலேயே ஆக்கிய ஒரே ஒரு கிடாரம் மட்டும் ஓரத்திலே தணலின்மேல் இருந்தது. காக்கா எம்மைக் கண்டதும் அதன் மூடியைத் தூக்கி, வெப்பமானியை நடுவரை இறக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அறுவத்தெட்டு, சேர்" என்றார். மூடியைப் போட்டுவிட்டு, தணலைக் கிளறிவிடுமாறு பேரனுக்குக் குரல் கொடுத்தார்.